பார்த்து ஓடக் கூடாதா?

கார்த்திகை மாதத்து விடிகாலை. மணி ஐந்தே கால் இருக்கும். பெசன்ட் நகரிலிருந்து திருவான்மியூர் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தேன். முந்தைய ராத்திரி பெய்த மழையில் தெரு இன்னும் காயவில்லை. கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவுக்குள் திரும்பி முப்பது நாற்பது அடி போயிருப்பேன். இடது கால் எதையோ மிதித்தது. அடுத்த கணம் வலது கால் முன்னே வரவில்லை. யாரோ கணுக்காலைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. இரண்டு கைகளையும் நீட்டியபடி தார் ரோட்டில் குப்புற விழுந்தேன்.

பால் பாக்கெட் இறக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஓடி வந்தார். "மெதுவா எழுந்திரும்மா. அவசரப்படாத. தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டு, கடைப்படியில் உட்கார வைத்தார். என் காலில் மாட்டியிருந்ததை அவர்தான் கழற்றி எடுத்தார். அட்டைப்பெட்டிகளைச் சுற்றிக் கட்டியிருப்பார்களே, அந்த மஞ்சள் பிளாஸ்டிக் பட்டை. பெட்டியிலிருந்து வெட்டாமல் உருவிப் போட்டிருக்கிறார்கள், வளையமாகவே கிடந்திருக்கிறது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "பாத்து ஓடக் கூடாதாம்மா?"

அன்பாகக் கேட்ட கேள்விதான். அன்றைக்கு அதையே அம்மாவும் கேட்டாள், அலுவலகத்தில் நாலு பேரும் கேட்டார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் வேறு மாதிரி சொன்னார்: "பட்ட கால்லயே படும்னு சும்மாவா சொன்னாங்க?" அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏலகிரியில் மடங்கியதும் இதே வலது கால்தான்.

முதல் பேச்சு, தப்பு விழுந்தவர்மேல் என்கிறது. இரண்டாவது பேச்சு விதிமேல் போடுகிறது. பதினோரு வருஷமாகத் தெருவிலும் மலையிலும் ஓடுகிறேன். நானும் விழுந்திருக்கிறேன், கூட ஓடுபவர்கள் விழும்போது தூக்கியும் விட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: விழுவதற்கான காரணம் காலில் இருக்கிறது, கண்ணில் இருக்கிறது, தரையில் இருக்கிறது. மூன்றையும் நம்மால் சரிசெய்ய முடியும்.

ஒரு வளையம் எப்படி ஆளைத் தள்ளுகிறது

பெட்டி கட்டும் பட்டை கொஞ்சம் விறைப்பானது. வளையமாகக் கிடக்கும் பட்டையின் ஒரு விளிம்பை ஒரு கால் மிதித்ததும், மற்ற விளிம்பு தரையைவிட்டு எழும்பி வாய் திறந்து நிற்கும். பின்னாலிருந்து வரும் அடுத்த கால் நேராக அந்த வாய்க்குள் போகும். மிதித்த கால் பட்டையை அழுத்திப் பிடித்திருக்க, உள்ளே போன கால் அதை இழுக்கும். இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிய கணக்குதான். நடப்பவராக இருந்தால் தடுமாறி நின்றுவிடலாம். ஓடுபவரின் உடம்பு அதற்குள் முன்னே போயிருக்கும். தாங்குவதற்குக் கால் வந்து சேராது.

நாம் நினைப்பதைவிடத் தரைக்கு மிக நெருக்கமாகத்தான் நம் கால் போகிறது. சாதாரணமாக நடக்கும்போது, முன்னே வீசும் காலின் பெருவிரல் தரையை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரத்தில்தான் கடக்கிறது. ஓடும்போது பாதம் இன்னும் மேலே எழும். ஆனால் களைப்பு ஏற ஏற அந்த உயரம் குறையும். பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் எனக்குக் கால் தட்டுவது பெரும்பாலும் எட்டாவது கிலோமீட்டருக்குப் பிறகுதான். முதல் சுற்றில் தாண்டிப்போன அதே கல்தான் கடைசிச் சுற்றில் இடறும். கல் வளரவில்லை, கால் தாழ்ந்திருக்கிறது. அதனால், பழகாத பாதையையும் கரடான பாதையையும் ஓட்டத்தின் முதல் பாதியில் வைத்துக்கொள்ளுங்கள். கால் தரையைத் தேய்க்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தால் நடைக்கு மாறிவிடுங்கள்.

மூக்குப்பொடிக் குழி

அன்றைக்கு முட்டியிலும் உள்ளங்கையிலும் சிராய்ப்பு. பார்க்க அதுதான் பெரிசாகத் தெரிந்தது. மணிக்கட்டில் லேசான வீக்கம், அவ்வளவுதான். மூன்று நாள் கழித்து டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எழுந்து கிளம்பப் போனேன். அவர் உட்காரச் சொல்லி, "கட்டைவிரலை நல்லா மேல தூக்குங்க" என்றார். தூக்கினால், கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம், இரண்டு நரம்பு போலத் தெரியும் தசைநாண்களுக்கு நடுவில் ஒரு சின்னக் குழி விழும். அந்தக் காலத்தில் மூக்குப்பொடியை அதில் வைத்து உறிஞ்சினார்கள் என்பதால் மருத்துவப் புத்தகத்திலேயே அதற்கு மூக்குப்பொடிக் குழி என்றுதான் பெயர். அந்த இடத்தில் அவர் விரல் நுனியால் அழுத்தினார். உயிர் போகிற வலி.

அந்தக் குழிக்குக் கீழே ஸ்கேபாய்டு என்ற சின்ன எலும்பு இருக்கிறது. படகு போன்ற உருவம், முந்திரிப்பருப்பு அளவு. கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு மணிக்கட்டின் சின்ன எலும்புகளில் அதிகமாக முறிவது இதுதான். இதில் இரண்டு சங்கடம் உண்டு. மெல்லிய முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். இரண்டு வாரம் கழித்து எடுத்தால்தான் கோடு தெரியும். இன்னொன்று, இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்து முனை வழியாக நுழைந்து பின்னோக்கிப் போகிறது. நடுவில் முறிந்தால் முழங்கைப் பக்கத்துப் பாதிக்கு ரத்தம் போகாமல் அந்தத் துண்டு செத்துப்போகக்கூடும். "சுளுக்குதான், தானாப் போயிடும்" என்று விட்டவர்கள் சில வருஷம் கழித்து மணிக்கட்டுத் தேய்மானத்தோடு வருவது இதனால்தான்.

டாக்டர் கட்டைவிரலோடு சேர்த்துப் பட்டி போட்டு அனுப்பினார். இரண்டு வாரம் கழித்து எடுத்த படத்தில் முடி போல ஒரு கோடு தெரிந்தது. அப்புறம் எட்டு வாரம் மாவுக்கட்டு. மகளுக்குத் தலை பின்ன முடியவில்லை. பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை. ஆனால் எலும்பு சேர்ந்தது. அவர் அந்தக் குழியை அழுத்திப் பார்த்ததால் சேர்ந்தது. விழுந்து எழுந்த யாராக இருந்தாலும் இதை மறக்காதீர்கள்: கட்டைவிரல் அடியில் அழுத்தினால் வலிக்கிறது என்றால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் விடக் கூடாது.

கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன். பிடித்த கையை விரித்து ஊன்ற முடியாது. இடுப்புப் பையில் வையுங்கள். முடிந்தவரை முழங்கையை மடக்கி, தோள்பட்டை பக்கமாகப் புரண்டு விழுவது நல்லது. விறைத்து நீட்டிய கைதான் முறியும். இதைப் புல்தரையில் மண்டியிட்டபடி நாலு தடவை பழகிப் பாருங்கள். உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

பட்ட காலிலே ஏன் படுகிறது

இப்போது ஏலகிரிக்கு வருகிறேன். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால், ஊருக்கு மேலே இன்னும் உயரத்தில் சுவாமிமலை. நாங்கள் ஆறு பேர் விடிந்ததும் ஏறினோம். ஏறும்போது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மலையில் அடிபடுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது. ஏற்றத்தைவிட இதில் தசைக்குச் சேதம் அதிகம். பாதி வழியில் தொடை நடுங்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் பாதை நிறைய சருகு. சருகுக்கு அடியில் ஒரு உருண்டைக் கல். வலது பாதம் உள்பக்கமாக மடங்கியது. "மளுக்" என்ற சத்தம் எனக்கே கேட்டது.

கூட வந்த அண்ணன் ஒருவர் உடனே நீவிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் சுளுக்கு வழிக்கும் பாட்டியிடம் போனேன். எண்ணெய் தேய்த்து இழுத்துவிட்டார். நல்ல மனசோடு செய்தது. ஆனால் எலும்பு முறிந்திருக்கிறதா என்று தெரியாமல் நீவுவதும் இழுப்பதும் ஆபத்து. அடிபட்டவுடன் தானாகப் பார்த்துக்கொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்டது. உலகம் முழுக்க அவசரப் பிரிவுகளில் பயன்படுகிறது. அடிபட்ட காலில் நாலு அடி எடுத்துவைக்க முடியவில்லையா? கணுக்கால் முட்டின் பின்விளிம்பிலோ நுனியிலோ எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளிப்பக்கம், சுண்டுவிரலுக்கு நேர் பின்னால் நடுவில் துருத்தும் எலும்பில் வலியா? உள்பக்கம், பாத வளைவின் மேலே இருக்கும் எலும்பில் வலியா? இதில் எதற்காவது ஆமாம் என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதற்கு முன் யாரும் தொட்டு இழுக்கக் கூடாது.

ஐஸ் பற்றி ஒரு வார்த்தை. ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்திவைப்பது என்ற நாலு வழியை 1978-இல் தன் புத்தகத்தில் பிரபலமாக்கியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். பல வருஷம் கழித்து அவரே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். வலி தாங்காத முதல் சில மணி நேரத்துக்கு, துணியில் சுற்றிப் பத்து நிமிஷம் ஐஸ் வைக்கலாம். நாள் கணக்கில் வைக்க வேண்டாம். முறிவு இல்லை என்று உறுதியானால், வலி விடுகிற அளவுக்குக் காலை மெல்ல அசைக்க ஆரம்பிப்பதுதான் நல்லது.

நான் செய்த பெரிய தப்பு அதற்குப் பிறகு. மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது, வலி போனது, ஓட ஆரம்பித்துவிட்டேன். வலி போனால் குணமாகிவிட்டது என்று நினைத்தேன். கணுக்காலின் தசைநார்களுக்குள் சின்னச் சின்ன உணர்நரம்புகள் இருக்கின்றன. பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு சாய்கிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்புவது அவைதான். கண்ணை மூடிக்கொண்டாலும் கால் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிவது அதனால்தான். தசைநார் கிழியும்போது இந்தச் செய்திப் போக்கும் பழுதாகிறது. அடுத்த தடவை பாதம் சாயும்போது செய்தி ஒரு நொடித்துளி தாமதமாகப் போகும். தசை இறுகிப் பிடிப்பதற்குள் கால் மடங்கிவிடும். ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுபடி சுளுக்குவதற்கு இதுதான் முக்கியமான காரணம்.

நம் முன்னோர்கள் கண்ணால் கண்டதைத்தான் பழமொழியாகச் சொன்னார்கள். பட்ட காலிலே படத்தான் செய்கிறது. ஆனால் அது தலையெழுத்து இல்லை. தினமும் பல் தேய்க்கும்போது அடிபட்ட காலில் மட்டும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். சுலபமானதும், சுவருக்குப் பக்கத்தில் கண்ணை மூடி நில்லுங்கள். அப்புறம் மடித்த போர்வையின்மேல். படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல ஏற்றி இறக்குங்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் விடாமல் செய்தால் அந்தச் செய்திப் போக்கு திரும்பப் பழகும். மாவுக்கட்டோடு வீட்டில் இருந்த நாட்களில்தான் நான் இதைச் செய்தேன். முதல் நாள் கண்ணை மூடி நாலு நொடிகூட வலது காலில் நிற்க முடியவில்லை. இடது காலில் முப்பது நொடி நின்றேன். அந்த வித்தியாசத்தை இரண்டு வருஷமாகத் தெரியாமலே சுமந்து ஓடியிருக்கிறேன்.

எதைப் பார்ப்பது, எங்கே பார்ப்பது

"பாத்து ஓடக் கூடாதா?" என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கண்ணசைவைப் பதியும் கருவியை மாட்டிக்கொண்டு ஆட்களைக் கரடுமுரடான பாதைகளில் நடக்கவிட்டார்கள். பாதை எப்படி இருந்தாலும், சுமார் ஒன்றரை நொடி கழித்துக் கால் வைக்கப்போகிற இடத்தைத்தான் கண் தேடுகிறது. பாதை மோசமானால் பார்வை கிட்டே வருகிறது, நடையும் தானாக மெதுவாகிறது. கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம் என்ற வேகத்தில் ஓடுபவருக்கு ஒன்றரை நொடி என்பது சுமார் மூன்றரை மீட்டர். பாதத்துக்குக் கீழே பார்த்து ஓடினால் பயனில்லை; அந்த அடி ஏற்கனவே முடிவாகிவிட்டது. தெருக்கோடியைப் பார்த்து ஓடினாலும் பயனில்லை. மூன்று நாலு மீட்டர் தள்ளி, கல்லை அல்ல, கால் வைக்கப்போகும் இடத்தைப் பாருங்கள். கல்லையே பார்த்துக்கொண்டிருந்தால் கால் கல்லுக்குத்தான் போகும்.

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும். எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கு அந்தப் பழக்கத்தை நொடியில் கலைத்துவிடும். அப்படிக் கண் கூசினால் இரண்டு அடி நடந்துவிட்டு ஓடுங்கள். விளக்கு எடுத்துப் போனால், நெற்றியில் கட்டுவதைவிட இடுப்பு உயரத்தில் பிடிப்பது மேல். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து விழும் வெளிச்சத்தில் மேடு பள்ளம் எல்லாம் சமமாகத் தெரியும். தாழ்வாக வரும் வெளிச்சத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் விழும். அந்த நிழல்தான் நமக்கு எச்சரிக்கை.

நம் தெருவில் காலை வாருபவை

சென்னைத் தெருவில் ஓடுபவருக்கு எந்த மாசத்தில் எது வழுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆயுதபூஜைக்கு மறுநாள் ரோடெல்லாம் உடைத்த பூசணி. அமாவாசைக்கு மறுநாளும் கடைவாசல்களில் கிடக்கும். அதன் சதை எண்ணெய் போல வழுக்கும். சாவு ஊர்வலம் போன தெருவில் மிதிபட்டு நசுங்கிய சாமந்தி. மார்கழியில் வாசல் தெளித்த தண்ணீர் பளபளப்பான டைல்ஸ் படியில் நிற்கும். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீர் ஆழம் காட்டாது; அடியில் மூடியில்லாத குழி இருக்கலாம், அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பந்தலுக்குக் கட்டிய கயிறு, கம்பம் பிடுங்கிய குழி, தாழத் தொங்கும் கேபிள், வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை, பலகையை எடுத்துவிட்டு மிச்சம் வைத்த இரும்புக்கால். 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களை அறுத்து எடுத்துப் போனார்கள். சில நடைபாதைகளில் அடிக்கட்டை கணுக்கால் உயரத்துக்கு அப்படியே நின்றது. நிற்கிற மரங்களின் வேர் சிமென்ட் கற்களைத் தூக்கிவிட்டிருக்கும். மரத்தின்மேல் கோபப்படக் கூடாது. வேருக்கு இடம் விட்டுக் கல் பதித்திருக்க வேண்டும்.

இந்தியச் சாலைகள் பேரவையின் விதிப்படி நடைபாதையில் நடக்க மட்டுமே 1.8 மீட்டர் அகலம் விட வேண்டும், உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அப்படி அமைத்தால் எப்படி இருக்கும் என்று 2019-இல் திறந்த பாண்டி பஜார் நடைபாதையில் போய்ப் பாருங்கள். தடி ஊன்றிய தாத்தாவும் தள்ளுவண்டிக் குழந்தையும் பயமில்லாமல் போகிறார்கள். ஓடுபவருக்கு நல்ல தரை என்பது எல்லோருக்குமே நல்ல தரைதான். நான் இடறிய இடத்தில் என் அம்மா இடறினால், அவளுக்கு முறிவது இடுப்பெலும்பாக இருக்கும்.

மலைப்பாதைக்குச் சுருக்கமாகச் சில. இறக்கத்தில் எட்டைக் குறுக்கி, அடிக்கடி கால் வையுங்கள். கைகளை அகலமாக வீசுங்கள். சருகு மூடிய இடத்தில் நடந்துவிடுங்கள். பாசி படிந்த பாறையும் நனைந்த வேரும் எந்த ஷூவுக்கும் பிடி கொடுக்காது. ஷூ கயிற்றின் வளையங்களை உள்ளே செருகிவிடுங்கள், உண்ணிச்செடி மாட்டி இழுக்கும். தனியாகப் போகாதீர்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகவே கூடாது.

சிராய்ப்புக்கு: ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு, ஒட்டிய மண் முழுக்கப் போகும்வரை கழுவுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வைக்காதீர்கள். மண் புகுந்த காயம் என்றால், கடைசி டிடி ஊசி போட்டு 5 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். தலையில் அடிபட்டு, வாந்தியோ மயக்கமோ குழப்பமோ வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்

கை சரியான பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மெதுவாகத்தான் ஓடுவேன். இடுப்புப் பையில் ஒரு நகவெட்டியும் ஒரு துணிப்பையும் இருக்கும். வழியில் கிடக்கும் பட்டைகளை எடுத்து வெட்டிப் பையில் போடுவேன். முதல் ஞாயிறு ஐந்து கிலோமீட்டரில் பதினேழு கிடைத்தன. நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, மூடியில்லாத குழி என்றால் படம் எடுத்து, கதவு எண்ணோடு மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்கிறேன். அந்த எண்ணைச் சென்னையில் யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். மற்ற ஊர்களில் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தின் எண்ணைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பால்கடைப் பெரியவரைப் பார்க்கப் போனேன். கட்டு பிரித்த கையைப் பிடித்துப் பார்த்தார். கடைக்குள் கைகாட்டினார். உத்தரத்தில் ஒரு கத்தரிக்கோல் தொங்கியது. "நீ விழுந்த அன்னிக்கே வாங்கிட்டேம்மா. இப்ப பட்டைய வெட்டித்தான் போடறோம்" என்றார்.

கடை வைத்திருப்பவர்களுக்கும், வீட்டில் பார்சல் பிரிப்பவர்களுக்கும் நான் கேட்பது இது ஒன்றுதான். பட்டையை உருவாதீர்கள். வளையத்தை ஒரு தடவை வெட்டிவிட்டுக் குப்பைக்கூடையில் போடுங்கள்.